ஒரு செம்மஞ்சள் அடைப்புக்குறியும் நானும்

அடுத்தவர் எழுதிய எழுத்துக்கு நிறம் பூசுவது என் வேலை. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உலகத்தின் எல்லாத் திசையிலிருந்தும் தவறாமல் வந்து சேரும்.

கணினியோடு மாரடிக்கிற உங்களுக்கு இது தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புரோகிராம் எழுதுகிறவர்கள் எடிட்டர் என்ற ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள்தான் எழுதுவார்கள். எழுத எழுத அது ஒவ்வொரு சொல்லையும் பார்த்து, இது கட்டளை, நீலம். இது மேற்கோளுக்குள் இருக்கிற வசனம், பச்சை. இது மனிதர் வாசிப்பதற்காக எழுதி வைத்த குறிப்பு, சாம்பல் என்று தானாகவே நிறம் கொடுக்கும். தேடுகிற இடம் கண்ணுக்குச் சட்டென்று அகப்பட வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும். எதற்கு எந்த நிறம் என்ற விதிகளை யாராவது எழுத வேண்டும் அல்லவா? நான் சொல்கிற எடிட்டரை யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம், யாரும் திருத்தலாம். அந்த 'யாரும்' என்பதில் ஒருத்தி நான்.

கிழமை நாட்களில் ஒரு கம்பனியில் வேறு உத்தியோகம். சனிக்கிழமைக் காலையில் வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் கடல் பக்க யன்னலுக்குக் கீழே மேசையைப் போட்டுக்கொண்டு, ரயில் போகும்போதெல்லாம் தேநீர்க் கோப்பையைக் கையால் பிடித்துக்கொண்டு, நிறப்பிழைகள் திருத்துவேன். நிறம் பிழைத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது என்ற நிம்மதியில்தான் இந்த வேலையைச் செய்துவந்தேன், ரிஸ்னா என்ற பெண்ணின் உத்தியோகம் ஓர் அடைப்புக்குறியின் நிறத்தில் வந்து தொங்கும் வரைக்கும்.

மாமியின் குறுக்கு விசாரணை

கீழ் மாடியில் என் கணவரின் மாமி இருக்கிறார், எனக்கும் மாமிதான். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எதையும் கேட்டு விளங்கிக்கொள்ளாமல் விடமாட்டார். ஒரு சனிக்கிழமை கத்தரிக்காய்ப் பால்கறி கொண்டுவந்தவர், நான் திரையை முறைத்துக்கொண்டு இருந்ததைக் கண்டு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நானும் ஆசையோடு விளக்கினேன். எங்கே எது பிழைத்திருக்கிறது என்று தொட்டுக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"நிறம் பிழைச்சால் புரோகிராம் ஓடாதோ?" என்று கேட்டார். ஓடும் மாமி என்றேன். "கணக்குப் பிழைக்குமோ?" பிழைக்காது. "ஆருக்கேனும் சம்பளம் குறையுமோ?" குறையாது. கறிக் கிண்ணத்தை மேசையில் இருந்து எடுத்து என் கையில் தந்துவிட்டு எழுந்தார். "அப்ப பிழையாக் கிடந்தாலும் ஒண்டும் நடக்காது. நடக்காத ஒண்டுக்கு ஏன் பிள்ளை சாப்பிடாமல் இருந்து மினைக்கெடுறாய்?"

பச்சை வெள்ளம்

கல்கிசையில் ஓர் இன்ஷுரன்ஸ் கம்பனிக்கு புரோகிராம் எழுதுகிற ஒருவர், தன் திரையைத் தொலைபேசியால் படம் பிடித்து அனுப்பியிருந்தார். படத்தில், திரைக் கண்ணாடியில் விழுந்த அவருடைய மூக்கும் தெரிந்தது. நடுவில் ஒரு வரியில் தொடங்கிக் கடைசி வரை எல்லாம் ஒரே பச்சை. மழைக்குக் குளத்து வான்கதவைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது. காரணம் ஒரு சின்னச் சாய்கோடு. அவர் எழுதிய மொழியில் வகுத்தலுக்கும் அதுதான் அடையாளம், எதைத் தேடுவது என்று சொல்லும், பச்சையில் வரும் வாசகம் ஒன்றைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் அதுதான் அடையாளம். அவர் பாவம், எதையோ எதாலோ வகுத்திருக்கிறார். எங்கள் விதி அதைத் திறந்த கதவு என்று எடுத்து, மூடுகிற சாய்கோட்டைத் தேடித் தேடிக் கோப்பின் அடி வரை போய்விட்டது.

திருத்துவது பெரிய காரியமில்லை. எனக்கு அறிய வேண்டியிருந்தது வேறு: இந்தப் பச்சையோடு இவ்வளவு காலம் எப்படிக் காலம் தள்ளினீர்கள்? கேட்டு எழுதினேன். வகுத்தலுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி அதற்குள் சும்மா ஒரு சாய்கோடு போட்டால் வெள்ளம் அங்கேயே நின்றுவிடுமாம். யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஏன் எதற்கு என்று கேட்காமல், வகுக்கும் இடமெல்லாம் அந்தக் குறிப்பையும் சேர்த்தே எழுதிவந்திருக்கிறார்கள். திருத்தம் போய்ச் சேர்ந்த பிறகு இனி அது தேவையில்லை என்று அறிவித்தேன். பதில் வந்தது: "நன்றி அக்கா, பச்சை நிண்டிட்டுது. ஆனா அந்தக் குறிப்பை அழிக்க இங்க ஒருத்தருக்கும் துணிவில்லை."

காலுக்கு வேறு நிறம்

கொட்டாஞ்சேனையில் ரியூஷன் வகுப்பு வைத்திருக்கும் ரவீந்திரன் சேர், பிள்ளைகளுக்குப் பழகும் வரைக்கும் தமிழிலேயே பெயர் வைத்து புரோகிராம் எழுதக் கொடுப்பவர். விலை, மொத்தம், மிச்சம் இப்படி. கணினிக்கு அதில் ஆட்சேபணை இல்லை. எங்கள் விதிக்குத்தான் ஆட்சேபணை. உயிர்மெய்யைக் கணினி எழுத்தாகவும் குறியாகவும் பிரித்துத்தான் வைத்திருக்கும். விதி எழுதிய புண்ணியவானுக்கு எழுத்து தெரிந்திருக்கிறது, அதோடு ஒட்டி வரும் கொம்பும் காலும் விசிறியும் தெரியவில்லை. விளைவு, எழுத்துக்கு மட்டும் பெயருக்குரிய நிறம். கொம்பு கழன்றுபோய்ப் பக்கத்தில் வெள்ளையாக, ஒரு புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆங்கிலத்தில் வருகிற ஆயிரம் முறைப்பாட்டுக்கு மசியாத எனக்கு, அவர் அனுப்பிய முறைப்பாட்டில் இதைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. அன்றைக்கே உட்கார்ந்து திருத்தினேன்.

திருத்தியதைப் பிள்ளைகள் எப்படிப் பாவிக்கிறார்கள் என்று பார்க்க ஆசையாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி வீதியில் பஸ் எடுத்துப் புறக்கோட்டையில் இறங்கி, அங்கேயிருந்து ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சேர் பிளேன்ரீயும் ரோல்ஸும் வாங்கி வைத்திருந்தார். பாராட்டுவார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இப்ப வடிவா இருக்கு தங்கச்சி. ஆனா முந்தி நிறம் உடைஞ்சு கிடக்கிறதால பிள்ளையள் ஒவ்வொரு எழுத்தாப் பாத்து எழுதுவினம். இப்ப பாக்கினமில்லை, பிழை கூடிப்போச்சு" என்றார். நான் ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

வெளிக்கிடும்போது வாசல் வரை வந்து ஒரு தொலைபேசி இலக்கம் தந்தார். அவரிடம் முன்பு படித்த பெண்ணாம், பெயர் ரிஸ்னா. படிக்கிற காலத்திலேயே கண்பார்வை மங்கத் தொடங்கி, இப்போது எழுத்தே சரியாகத் தெரியாதாம். ஆனாலும் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். தகுதிகாண் காலம் முடியப்போகிறது; வருகிற வெள்ளிக்கிழமை மனேஜருக்கு முன்னால் ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திக் காட்ட வேண்டும், அதைப் பார்த்துத்தான் வைத்திருப்பதா அனுப்புவதா என்று முடிவாம். எழுத்துத் தெரியாமல் எப்படி சேர் கோட் எழுதுகிறாள் என்று கேட்டேன். "அவ உங்கட எடிட்டரைத்தான் பாவிக்கிறா. நிறத்தை வைச்சு ஏதோ செய்யிறா, எனக்கும் முழுக்க விளங்கேல்லை. நீங்கள் ஒருக்காப் போய்ப் பாருங்கோ."

பாராட்டு மழை

போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாளே வேறொரு திருத்தம் வெளியாக இருந்தது, அதன் சந்தோஷப் புளுகில் மிதந்துகொண்டிருந்தேன். அந்தப் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன், இனி வருவதெல்லாம் அதைப் பற்றித்தான். புரோகிராமைத் துண்டு துண்டாகத்தான் எழுதுவோம். ஒவ்வொரு துண்டும் ஒரு வேலையைச் செய்யும். துண்டு முடிகிற இடத்தில் ஒரு சுருள் அடைப்புக்குறி நிற்கும், அதற்கு நிறம் வெள்ளை. சில துண்டுகள் வேலையை முடித்து ஒரு விடையைத் திருப்பித் தரும். சில, வேலையைச் செய்துவிட்டுப் பேசாமல் போய்விடும். விடை தருகிற வரிக்கு நிறம் செம்மஞ்சள். அந்த வரியின் முடிவில் அரைப்புள்ளி போடாமல் விட்டால், வரி முடிந்ததே எங்கள் விதிக்குத் தெரியாது. செம்மஞ்சள் கீழே வழிந்து, துண்டை மூடுகிற அடைப்புக்குறியிலும் ஒட்டிக்கொள்ளும். புரோகிராமுக்கு ஒரு நட்டமும் இல்லை. பார்க்கத்தான் சட்டையில் கறி கொட்டியதுபோல் இருக்கும்.

நெடுங்காலமாகக் கிடந்த பிழை. எத்தனையோ பேர் தொட்டுவிட்டு விட்டுப்போன பிழை. நான் திருத்தினேன். திங்கட்கிழமை காலை எல்லோருடைய எடிட்டருக்கும் போய்ச் சேர்ந்தது. கைதட்டலும் இதயப் படமுமாக வந்து குவிந்தன. எங்கோ ஒரு நாட்டிலிருந்து ஒருவர் இனி நிம்மதியாகத் தூங்குவேன் என்று எழுதியிருந்தார். நான் அலுவலகத்தில் அதையெல்லாம் வாசித்து மனதுக்குள் சிரித்துக்கொண்டிருந்தபோது தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு. பெண் குரல்; 'இருக்கு' 'ஈக்கி' ஆகவும் 'சொன்ன' 'சென்ன' ஆகவும் வருகிற பேச்சு. "அக்கா, ரவீந்திரன் சேர் நம்பர் தந்த. நான் ரிஸ்னா. அந்த ஒரேஞ்ச் எங்க அக்கா போன? அது இல்லாம என்ட வீட்டிலயே எனக்குக் கதவு எங்க எண்டு தெரியாத மாதிரி ஈக்கி."

கொம்பனித்தெருவில் ஒரு பிற்பகல்

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். குற்ற உணர்ச்சியில் போனேன் என்று சொன்னால் பொய். அந்தப் பெண் எப்படித்தான் பார்க்கிறாள் என்று பார்க்காவிட்டால் மண்டை வெடித்துவிடும் போல் இருந்தது. கொம்பனித்தெருவில் பழைய வரிசை வீடுகளை இடித்துக் கட்டிய மாடியில் அவர்கள் வீடு. ரிஸ்னாவுக்கு அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை. அவளுடைய உம்மா இனிப்பான வட்டிலப்பத்தைத் தட்டில் வைத்துத் தந்துவிட்டு, மகளின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

எழுத்தைப் பூதாகாரமாகப் பெருப்பித்து வைத்திருப்பாள் என்று நினைத்தேன். இல்லை, என்னுடையதைவிடச் சின்ன எழுத்து. கேட்டால், பெருப்பித்தால் கொஞ்சம்தான் திரையில் கொள்ளும், சின்னதாக இருந்தால் முழு அமைப்பும் தெரியும் என்கிறாள். எழுத்து அவளுக்கு வெறும் புகை; நிறம் மட்டும் கோடு கோடாகத் தெரியும். பச்சை நீளமாக இருந்தால் வாடிக்கையாளருக்குப் போகும் செய்தி. சாம்பல் கட்டியாக இருந்தால் முன்பு வேலை செய்த யாரோ ஒரு வாயாடி எழுதிய குறிப்பு. இப்படிப் பார்த்துப் பார்த்து இடத்தைப் பிடித்த பிறகு ஒரு காதில் மாட்டியிருக்கிற கருவி அந்த வரியை மட்டும் வாசித்துக் காட்டும். வரிகளுக்குள் இருக்கிற செம்மஞ்சள் மற்ற நிறங்களோடு கலங்கிப்போகும், ஓரத்தில் தனியாக நிற்கிற மூடும் அடைப்புக்குறியின் நிறம்தான் அவளுக்குத் தெளிவாகத் தெரியும். முடிவில் செம்மஞ்சள் இருந்தால் அது விடை தருகிற துண்டு, வெள்ளை என்றால் தராத துண்டு. அவளுடைய கம்பனியில் அரைப்புள்ளி போடாமல் விடுவதுதான் வழக்கம். ஆகவே எங்கள் பிழை அவளுக்கு ஓர் இடத்திலும் பிழைக்கவில்லை. இப்போது எல்லா முடிவும் வெள்ளை. துண்டு துண்டாகக் கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டும். வெள்ளிக்கிழமை மனேஜர் பக்கத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது நடக்காது.

எடிட்டரின் பழைய பதிப்பைத் திரும்பப் போடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். அலுவலகக் கணினி தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், எதையும் ஏற்றவோ இறக்கவோ அவளுக்கு அனுமதியில்லை. எடிட்டருக்குள் இருக்கிற விருப்பத்தேர்வுகளை மட்டும் மாற்றலாம். கம்பனியில் சொல்லிக் கேட்டால் என்ன என்றேன். கண் மங்கல் என்று சேரும்போதே சொல்லிவிட்டாளாம். வேலை நடந்தால் சரி என்றார்களாம். நடக்கிறது என்று காட்ட வேண்டிய வாரத்தில் போய் நடக்கவில்லை என்று சொல்வதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. நான் அவளுடைய திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இத்தனை காலமாக நான் பூசிய நிறங்களை ஒருத்தி இப்படி வாசிக்கிறாள் என்பது எனக்குப் பெருமையாகவும் பயமாகவும் இருந்தது. அதைச் சொன்னேன். ரிஸ்னா சிரித்தாள். "எல்லாரும் எழுத்தப் பாக்கிற, நிறம் சும்மா அழகுக்கு எண்டு நினைக்கிற. எனக்கு எழுத்துத்தான் அக்கா அழகுக்கு."

தலைவரின் மூக்குக் கண்ணாடி

எங்கள் எடிட்டருக்கு ஒரு தலைவர் உண்டு. குளிர் நாடொன்றில் இருக்கிறார். முகம் பார்த்ததில்லை. யார் எதைத் திருத்தினாலும் அவர் தலையாட்டினால்தான் வெளியே போகும். நல்ல மனிதர், ஆனால் தந்தி அடிக்கிறவர்போல் எழுதுவார். ரிஸ்னாவின் கதையை நீளமாக எழுதி, பழைய செம்மஞ்சளை ஒரு விருப்பத்தேர்வாகத் திரும்பத் தரலாமா, வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும், வெள்ளிக்கு முன் வேண்டும் என்று கேட்டேன். பதில் ஒரே வரி: பிழைகளை நாங்கள் சேமித்து வைப்பதில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன். கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, அழித்ததுதான் நல்லது என்றார்.

புதன்கிழமை காலை வேறு விதமாகக் கேட்டேன். உங்களுக்குக் கண்ணாடி உண்டா? உண்டு என்றால் கழற்றி வையுங்கள். நீங்களே எழுதிய கோப்பு ஒன்றைத் திறவுங்கள். எழுத்தை வாசிக்காமல், விடை தருகிற துண்டுகள் எவை என்று சொல்லுங்கள். முதலில் புதிய பதிப்பில், பிறகு பழையதில். அவ்வளவுதான் எழுதினேன். பிறகு அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. தேநீர் எடுக்கப் போவதும் தொலைபேசியைப் பார்ப்பதுமாகத் திரிந்தேன். பின்னேரம் காலி வீதி பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வரும்போதுதான் பதில் வந்தது. கம்பியை விட்டுவிட்டு வாசித்து, முன்னால் நின்றவரின் காலை மிதித்தேன். "கண்ணாடி இல்லாமல் என் சொந்தக் கோப்பிலேயே தொலைந்து போனேன். பழையதில் வழி தெரிந்தது. விருப்பத்தேர்வாகச் செய், ஆனால் ஒழுங்காகச் செய்."

ஒழுங்கு கூடிப்போனது

ஒழுங்காகத்தான் செய்தேன், அதுதான் வினை. வழிந்து கொட்டிய பிழையை அப்படியே திரும்பக் கொண்டுவர எனக்குக் கூச்சமாக இருந்தது. எந்தத் துண்டு முடிந்தாலும் அடைப்புக்குறி செம்மஞ்சள் என்று நேர்த்தியான விதி ஒன்று எழுதினேன். துண்டுகளின் எல்லை பளிச்சென்று தெரியும், யாருக்கும் பிரயோசனப்படும் என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். வியாழன் காலை வெளியானது. ரிஸ்னா விருப்பத்தேர்வைப் போட்டுப் பார்த்துவிட்டு உடனே என்னை அழைத்தாள். "அக்கா, இப்ப எல்லாத்திலயும் ஒரேஞ்ச் ஈக்கி. முந்தி சிலதுல வராது. வராததும் எனக்கு வேணும்." அடுத்த நாள் வெள்ளி. அவள் கேட்டது செம்மஞ்சளை என்று நினைத்திருந்தேன். செம்மஞ்சள் இல்லாத இடங்களையும் சேர்த்துத்தான் அவள் வாசித்திருக்கிறாள். பக்கத்தில் இருந்து கண்ணால் பார்த்தும் இது எனக்கு உறைக்கவில்லையே என்று என்னையே நொந்துகொண்டேன்.

கூச்சத்தை விட்டேன். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, பழைய விதியைத் தேடி எடுத்து, அது வழிகிற இடத்தில் அப்படியே வழியவும் வழியாத இடத்தில் வழியாமல் இருக்கவும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன். திருத்துவதைவிடத் திரும்பப் பிழையாக்குவது கடினம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கை தன்பாட்டில் சரியாக்கப் போய்விடுகிறது. எங்கள் தொழிலில் இன்னொரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு விதிக்கும் ஒரு சோதனை எழுதி வைப்போம். பிறகு வருகிற யாராவது அதைக் கெடுத்தால் சோதனை கூச்சல் போடும். நான் தலைகீழாக ஒன்று எழுதினேன். நாளைக்கு ஒரு நல்ல மனிதர் வந்து இந்த நிறத்தைச் சரியாக்கினால் உடனே கூச்சல் போடு என்று. மத்தியானம் அனுப்பினேன். தலைவர் எழுந்ததும் முதல் வேலையாகப் பார்த்திருக்க வேண்டும். பின்னேரத் தேநீருக்கு முன் பதில் வந்துவிட்டது: "பிழை திருந்திவிடாமல் காவல் காக்கும் சோதனையை என் வாழ்நாளில் இன்றுதான் பார்க்கிறேன். அனுமதி."

வெள்ளிக்கிழமை

காலையில் ரிஸ்னாவிடமிருந்து ஒரு சொல் மட்டும் வந்தது: ஈக்கி. செம்மஞ்சள் வந்துவிட்டது, வராத இடத்தில் வரவில்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அலுவலகத்தில் கூட்டமொன்றில் உட்கார்ந்திருந்தேன், என்ன கதைத்தார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. என் விதி எங்காவது சறுக்கி, ஒரே ஓர் அடைப்புக்குறி வெள்ளையாகி, அந்தப் பிள்ளை எல்லோர் முன்னாலும் தடுமாறி நிற்பதே கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து வைத்துவிட்டு இருக்கும்போது தொலைபேசி அடித்தது, ரிஸ்னா. எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் ஓடினேன்.

பெரிய திரையில் போட்டுத்தான் பார்த்தார்களாம். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே செய்தி இரண்டு தரம் போகிறது, எங்கே பிழை என்று கேட்டிருக்கிறார் மனேஜர். ரிஸ்னா பச்சை நீளமாக இருக்கிற பக்கத்துக்குப் போனாள். விடை தர வேண்டிய ஒரு துண்டு அங்கே வெள்ளையில் முடிந்திருந்தது. நின்றாள், காதால் கேட்டாள். செய்தி போய்விட்டது என்று அந்தத் துண்டு திருப்பிச் சொல்லாததால்தான் இன்னொரு துண்டு திரும்பவும் அனுப்பிக்கொண்டிருந்தது. விடுபட்ட வரியை எழுதினாள். எழுதி முடித்ததும் கீழே இருந்த வெள்ளை அடைப்புக்குறி செம்மஞ்சளாக மாறியது. அவளுக்கு அது போதும். மற்றவர்கள் ஓட்டிப் பார்த்தபோது செய்தி ஒரு தரம்தான் போனது. மனேஜர் திரைக்குக் கிட்டப் போய் வடிவாகப் பார்த்தாராம். அதற்குப் பிறகு அவள் சொன்னது அவளுடைய வாயாலேயே: "எனக்கு உசிரே போன மாதிரி அக்கா. அந்த ஒரேஞ்சத் தொட்டுக் காட்டி, 'ரிஸ்னா, ஒங்கட எடிட்டர்ல நிறம் பிழையா வருது, அத ரிப்போர்ட் பண்ணுங்க' எண்டு சென்ன. பொறகுதான் சென்ன, திங்கட்கிழம வந்து நிரந்தரக் கடிதத்த எடுங்க எண்டு."

படிக்கட்டில் உட்கார்ந்து நான் அழுதேன், சிரித்தேன், இரண்டும் சேர்ந்தே வந்தது. பார்சல் ஆறிப்போய்விட்டது. மறுநாள் சனிக்கிழமை, மேசையில் உட்கார்ந்து புதிதாக வந்த முறைப்பாடுகளைத் திறந்தால் கொழும்பிலிருந்து ஒரு கனவான் எழுதியிருக்கிறார்: எங்கள் ஊழியர் ஒருவரின் எடிட்டரில் மூடும் அடைப்புக்குறி செம்மஞ்சளாக வருகிறது, தயவுசெய்து விரைவில் திருத்தவும். தெரியும், ஒருபோதும் திருத்தமாட்டோம் என்று மரியாதையாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போது மாமி வந்தார். முழுக் கதையையும் சொன்னேன். இந்தத் தரம் கதிரையை விட்டு எழும்பாமல் கேட்டார். "அப்ப பிழையாக் கிடந்ததாலதான் அந்தப் பிள்ளைக்கு வேலை நிலைச்சது. நல்ல காலம், நீ மிச்சத்தை எல்லாம் இன்னும் திருத்தி முடிக்கேல்லை."

இப்போதெல்லாம் என்ன வேலை என்று யாராவது கேட்டால் ஒரு பிழையைக் கண்ணும் கருத்துமாகப் பராமரிக்கிறேன் என்று சொல்கிறேன், அதற்கு ஏன் இன்னும் சம்பளம் கேட்கவில்லை என்று கேட்கிறவர் கீழ் மாடி மாமி ஒருவர்தான்.